தாளில் பத்து இலட்சம் டொலர்: முகாம் ஒப்பந்தத்தில் மகன் கையெழுத்திடலாமா?

கேள்வி: என் மகன் அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் நான்கு வருடம் கூடைப்பந்து ஆடிப் படிப்பையும் முடித்துவிட்டான். என்பிஏ அணிகள் புதிய வீரர்களைத் தெரிவுசெய்யும் டிராஃப்டில் அவன் பெயர் வரவில்லை. யூலையில் லாஸ் வேகஸ் கோடைகால லீக்குக்கு ஓர் அணி கூப்பிட்டிருக்கிறது. அதே அணி பிறகு 'எக்ஸிபிட் 10' ஒப்பந்தம் தரும், அதுவும் என்பிஏ ஒப்பந்தம்தான் என்கிறார் அவனுடைய முகவர். அவர் அனுப்பிய மாதிரித் தாளில் சம்பளம் பத்து இலட்சம் டொலருக்கு மேல் போட்டிருக்கிறது. இன்னொருவர், ஐரோப்பாவில் கழகம் பிடித்துத் தருகிறேன், முதலில் தெரிவு முகாமுக்குக் காசு கட்டுங்கள் என்கிறார். பிரான்ஸில் எங்கள் அண்ணர் இருப்பதால் பிரெஞ்சு பாஸ்போர்ட்டும் எடுக்கலாமாம். எதில் கையெழுத்து வைப்பது? (ஒரு தந்தை, ஸ்காபரோ)

பதில்: அந்தப் பத்து இலட்சத்தை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தத் தொகை பொய் இல்லை. முதல் வருட வீரருக்கு என்பிஏ கொடுக்கவேண்டிய ஆகக்குறைந்த வருடச் சம்பளம் அது. எக்ஸிபிட் 10 என்பது வீரரைப் பயிற்சி முகாமுக்கு எடுக்கும், ஒரு வருடத்துக்கான, ஆகக்குறைந்த சம்பள ஒப்பந்தம் என்பதால் அந்தத் தொகையைத் தாளில் எழுதித்தான் ஆகவேண்டும். ஆனால் அதில் ஒரு சதத்துக்கும் உத்தரவாதம் இல்லை. செப்ரெம்பர் கடைசியில் அணியின் பயிற்சி முகாம் தொடங்கும். ஒக்டோபர் நடுவில், பருவம் ஆரம்பிக்கும் முன் அணி அவனை விடுவித்தால் அந்தக் கணக்கு அத்தோடு சரி. இந்த ஒப்பந்தத்தில் போகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நடப்பது அதுதான்.

நீங்கள் பார்க்கவேண்டியது பின்பக்கத்தில் இருக்கும் போனஸ் தொகையை. விடுவிக்கப்பட்ட வீரன், என்பிஏக்குக் கீழே இருக்கும் வளர்ப்பு லீக்கான ஜி லீக்கில் அந்த அணியின் கிளையில் சேர்ந்து 60 நாள் இருந்தால் அந்தப் போனஸ் கிடைக்கும். 2023-24 பருவத்தில் அதன் உச்சம் 75,000 டொலர். என்பிஏ சம்பள உச்சவரம்பு ஏற ஏற அதுவும் ஏறுகிறது. முகவர்கள் பேசும்போது உச்சத் தொகையைத்தான் சொல்வார்கள். தாளில் அதைவிட மிகக் குறைந்த தொகையும் எழுதலாம், எழுதுகிறார்கள். உங்கள் மகனின் தாளில் என்ன தொகை இருக்கிறது என்று இன்றே கேளுங்கள். "பிறகு நிரப்புவார்கள்" என்று பதில் வந்தால் கையெழுத்தும் பிறகுதான்.

அந்த வருடத்தில் ஜி லீக் சம்பளம் 40,500 டொலர். போனஸ் முழுதாகக் கிடைத்தால் மொத்தம் 115,500 அமெரிக்க டொலர், வரிக்கு முன். படித்து முடித்து வந்த 22 வயதுப் பிள்ளைக்கு அது நல்ல தொகை. போனஸ் இல்லாவிட்டால் மிஞ்சுவது 40,500, அவ்வளவுதான். 60 நாளுக்கு முன் வேறு நாட்டுக்குக் கிளம்பினால் போனஸ் போய்விடும் என்பதையும் மகனிடம் சொல்லிவையுங்கள். நவம்பரில் ஐரோப்பாவிலிருந்து அழைப்பு வரும்போது இது நினைவில் இருக்காது.

"அப்படியென்றால் ஏன் கூப்பிடுகிறார்கள்?" என்று கேட்பீர்கள். என்பிஏ சந்தை மேலிருந்து கீழாகத்தான் நிரம்பும். யூன் 30 மாலை, ஒப்பந்தம் முடிந்த வீரர்களுக்குச் சந்தைக் கதவு திறந்ததும் பெரிய பெயர்கள் முதலில் நகரும். 2023 இல் பிரெட் வான்விலீட் ரொறன்ரோ ராப்ரர்ஸ் அணியை விட்டு, மூன்று வருடத்துக்குக் கிட்டத்தட்ட 13 கோடி டொலருக்கு ஹூஸ்டன் போனார். ரொறன்ரோவுக்கு ஈடாக ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த இடத்துக்கு லேக்கர்ஸில் இருந்த டெனிஸ் ஷ்ரூடரைப் பிடித்தார்கள். லேக்கர்ஸ் மயாமியில் இருந்த கேப் வின்சென்டை எடுத்துக்கொண்டது. இப்படி மேல்வரிசை ஓய்ந்த பிறகுதான் ஆகக்குறைந்த சம்பளக்காரர்கள், அவர்களுக்குப் பிறகு டூ-வே ஒப்பந்தங்கள் (என்பிஏ அணிக்கும் அதன் ஜி லீக் கிளைக்கும் மாறி மாறி ஆடுவது), எல்லாவற்றுக்கும் கடைசியில் முகாம் ஒப்பந்தங்கள். கோடையில் ஓர் அணி 21 பேர் வரை வைத்திருக்கலாம். பருவம் தொடங்கும்போது 15 பேரும் மூன்று டூ-வே வீரர்களும்தான். அந்த இடைவெளியில் நிற்கிறான் உங்கள் மகன். யூலை முதல் வாரத்தில் போன் அடிக்கவில்லை என்று அவனைத் திட்டவேண்டாம்.

எனக்கு ஆத்திரம் வரும் இடம் ஒன்று உண்டு. ஒக்டோபரில் சில அணிகள் ஒரு பையனைக் காலையில் ஒப்பந்தம் செய்து, அன்றோ மறுநாளோ விடுவிக்கும். அவனைப் பெரிய அணியில் ஆடவைக்கும் எண்ணம் தொடக்கத்திலிருந்தே கிடையாது. ஜி லீக் கிளைக்கு அவன்மேல் உரிமை வாங்குவதற்கான வழி அது. விதிக்கு உட்பட்டதுதான், எல்லோருக்கும் தெரியும், யாரும் மாற்றவில்லை. வீட்டில் கேக் வெட்டி, முகநூலில் "என்பிஏயில் எங்கள் பிள்ளை" என்று போட்டு, இரண்டு நாளில் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லமுடியாமல் நிற்கும் குடும்பங்களைப் பற்றி அந்த அலுவலகங்களில் யாருக்கும் கவலை இல்லை. கையெழுத்திடும்முன் முகவரைக் கொண்டு நேராகக் கேட்கவையுங்கள்: முகாமில் எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், டூ-வே இடம் ஏதாவது காலியாக இருக்கிறதா? எக்ஸிபிட் 10 ஐப் பருவம் தொடங்கும் முன் டூ-வேயாக மாற்றலாம். மாறினால் கதையே வேறு. 2023-24 இல் டூ-வே வீரருக்கு 5 இலட்சத்து 60 ஆயிரம் டொலர் அளவில் சம்பளம், அதாவது ஆகக்குறைந்த என்பிஏ சம்பளத்தில் பாதி. மூன்று டூ-வே இடமும் ஏற்கனவே நிரம்பிய அணி "வாய்ப்பு உண்டு" என்று சொன்னால் அந்த வார்த்தைக்குப் பெறுமதி குறைவு.

இங்கே பெற்றோர் பலரும் தலைகீழாக விளங்கிக்கொள்ளும் ஒன்று இருக்கிறது. ஜி லீக் கிளையில் சேர்ந்தால் மகன் அந்தத் தாய் அணிக்கே அடிமை என்று நினைக்கிறார்கள். இல்லை. டூ-வே வீரன் மட்டும்தான் அந்த அணிக்குச் சொந்தம். முகாமிலிருந்து விடுவிக்கப்பட்டு, சாதாரண ஜி லீக் ஒப்பந்தத்தில் ஆடுகிறவனை 30 அணிகளில் எதுவும் அழைக்கலாம். மிசிசாகாவில், ராப்ரர்ஸின் ஜி லீக் கிளையான ராப்ரர்ஸ் 905 க்கு ஆடிக்கொண்டிருக்கிறான் என்று வையுங்கள். ஜனவரி 5 முதல் பத்து நாள் ஒப்பந்தங்கள் தொடங்கும். இந்தியானா அணி பத்து நாளுக்கு வா என்றால் அவன் போகலாம். ராப்ரர்ஸ் தடுக்கமுடியாது, ஈடு கேட்கமுடியாது. ராப்ரர்ஸுக்கு அவன் வேண்டுமென்றால் அவர்களே முந்திக்கொண்டு என்பிஏ ஒப்பந்தம் கொடுக்கவேண்டும். பத்து நாள் முடிந்து இந்தியானா வேண்டாம் என்றால் அவன் திரும்பிப் போவது மீண்டும் 905 க்கு, ஏனென்றால் ஜி லீக்குக்குள் அவன்மேல் உரிமை 905 இடம் இருக்கிறது. ஆக, அந்த உரிமை ஜி லீக் அணிகளுக்கு இடையில் மட்டும் செல்லும். என்பிஏயின் கதவை அது பூட்டாது. பருவத்தின் நடுவில் வெளிநாட்டுக் கழகம் கூப்பிட்டால் மட்டும் வேறு சங்கதி, ஜி லீக்குக்கு விடுவிப்புப் பணம் கட்டவேண்டிவரும். "அவனை அடைத்துவைத்துவிடுவார்கள், ஐரோப்பாதான் சுதந்திரம்" என்று உங்கள் இரண்டாவது ஆள் சொல்லியிருந்தால் அவருக்கு இது தெரியாது, அல்லது நன்றாகத் தெரியும்.

இனி முகவர்கள். என்பிஏ அணியோடு வீரர் சார்பில் பேச, வீரர் சங்கமான என்பிபிஏயின் சான்று வேண்டும். சான்று பெற்றவர்களின் பட்டியலைச் சங்கத்தின் தளத்தில் யாரும் பார்க்கலாம். பெயரைத் தேடுங்கள், ஐந்து நிமிட வேலை. பல்கலைக்கழகத்தில் விளம்பரப் பணம் எடுத்துக்கொடுத்தவரே இப்போதும் "முகவர்" என்று தொடர்வதைப் பார்க்கிறேன். விளம்பரத் தரகு வேறு, என்பிஏ ஒப்பந்தம் வேறு. அங்கே எடுத்த வீதத்தை இங்கே எடுக்கமுடியாது. சங்கத்தின் விதிப்படி உச்சம் நான்கு வீதம், ஆகக்குறைந்த சம்பள ஒப்பந்தத்துக்கு இரண்டு வீதம். சம்பளம் கைக்கு வருமுன் எதுவும் கொடுக்கவேண்டியதில்லை. கோடைகால லீக்கில் இடம் எடுத்துத்தருகிறேன் என்று காசு கேட்பவரை உடனே வெட்டிவிடுங்கள். அந்த இடங்களை அணிகள் விற்பதில்லை.

ஐரோப்பாத் தரகருக்கு ஒரு சதமும் அனுப்பவேண்டாம். இதைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்களிடம் இந்த வியாபாரம் எளிதாக எடுபடுகிறது. ஊரிலிருந்து ஆளை வெளியே எடுக்க ஏஜென்சிக்காரனுக்கு முற்பணம் கட்டிப் பழகிய சமூகம் நாங்கள். அதே பழக்கத்தில் இங்கேயும் முதலில் காசை எடுத்து நீட்டுகிறோம். கூடைப்பந்தில் காசு எதிர்த்திசையில் ஓடும். ஐரோப்பாவில் வழக்கமாகக் கழகம்தான் முகவருக்குத் தரகு கொடுக்கும், சம்பளத்தில் பத்து வீதம் அளவில். சர்வதேச ஒப்பந்தம் பேசுகிறவருக்கு, உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் உரிமம் இருக்கவேண்டும், அந்தப் பட்டியலும் திறந்தே இருக்கிறது. தெரிவு முகாம் நடத்திக் கட்டணம் வாங்குகிறவரின் வருமானம் முகாம் கட்டணம்தான். உங்கள் மகனுக்குக் கழகம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான். நல்ல பல்கலைக்கழகப் பருவம் ஒன்றின் முழு ஆட்ட வீடியோக்கள் ஐரோப்பியப் பயிற்றுநர்களிடம் ஏற்கனவே இருக்கின்றன. அவர்களிடம் காட்ட வாடகை மண்டபம் தேவையில்லை.

பாஸ்போர்ட் கதை இன்னும் மோசம். ஐரோப்பிய லீக்குகளில் வெளிநாட்டு வீரர் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் ஐரோப்பியப் பாஸ்போர்ட்டுக்கு உண்மையான விலை உண்டு. அதனால்தான் தரகர்கள் அதைத் தொடுகிறார்கள். பாரிஸில் பெரியப்பா இருக்கிறார் என்பதற்காகப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்காது. மகன் பிறந்தபோது நீங்களோ மனைவியோ பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்தீர்களா? ஆம் என்றால் தூதரகத்துக்கு நேரே போங்கள், தரகர் வேண்டாம். இல்லை என்றால் அந்தப் பேச்சை அத்தோடு விடுங்கள். பொய்யான ஆவணத்தில் விளையாடப்போய்ப் பிடிபட்டால் கழகம் கைகழுவும், பையன் பெயர்தான் கெடும்.

முறையான முகவர் வழியாக ஐரோப்பிய ஒப்பந்தம் வந்தால் இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஒன்று, பிணக்கு வந்தால் ஜெனீவாவில் இருக்கும் கூடைப்பந்து நடுவர் மன்றத்துக்குப் போகும் என்ற வரி. பிஏடி என்பார்கள். 2007 இல் தொடங்கிய இந்த மன்றத்தின் தீர்ப்பை மதிக்காத கழகத்துக்குப் புதிய வெளிநாட்டு வீரர்களைப் பதிவுசெய்ய ஃபீபா தடை போடலாம், அதனால் கழகங்கள் பயப்படும். ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லாவிட்டால், சம்பளம் நின்றபின் நீங்கள் அந்த நாட்டு நீதிமன்றத்தில் அலையவேண்டும். சம்பளம் பிந்துவது அங்கே புதினமில்லை. இரண்டு, உத்தரவாதம் எப்போது தொடங்குகிறது என்ற வரி. மருத்துவச் சோதனைக்குப் பிறகா, பரீட்சார்த்த காலத்துக்குப் பிறகா? "பயிற்றுநர் திருப்திப்பட்டபின்" என்று இருந்தால் அதை உத்தரவாதமாக எடுக்கவேண்டாம்.

ஆக, என்ன செய்வது? கோடைகால லீக்குக்குப் போகட்டும். அதில் சம்பளம் இல்லை, படிக்காசு மட்டும்தான், ஆனால் அது அவனை எந்த அணியோடும் கட்டாது. மற்ற அணிகளும் ஐரோப்பியக் கழகங்களும் அதே மண்டபத்தில் உட்கார்ந்து பார்க்கின்றன. முடிந்த கையோடு, யூலை கடைசிக்குள், அணியிடமிருந்து போனஸ் தொகையை எழுத்தில் வாங்குங்கள். உச்சத்துக்குக் கிட்ட இருந்தால், ஜி லீக் பயிற்றுநரும் அவனை ஆடவைக்க விரும்பினால், எக்ஸிபிட் 10 இல் கையெழுத்திடலாம். அப்படித்தான் நான் என் வீட்டுப் பிள்ளைக்கும் சொல்வேன். தொகை சிறியதென்றால், அல்லது ஓகஸ்ட் வரை இழுத்தடித்தால், ஐரோப்பாவைத் தெரிவுசெய்யுங்கள். அங்கே நல்ல இடங்கள் யூலை, ஓகஸ்டிலேயே நிரம்பிவிடும். ஒக்டோபர் நடுவில் முகாமிலிருந்து விடுவிக்கப்பட்டு வருகிறவனுக்கு அங்கே மிஞ்சியிருப்பது காயப்பட்டவனின் இடம்தான். இந்த நாட்காட்டி மோதலை முகவர்கள் சொல்வதில்லை. உங்கள் முடிவை இறுக்குவது அதுதான்.

லூ டோர்ட்டின் கதையை யாராவது காட்டுவார்கள். மொன்றியல் பையன், 2019 டிராஃப்டில் தெரிவாகவில்லை, ஒக்லஹோமாவில் டூ-வேயில் தொடங்கி 2022 இல் எட்டுக் கோடிக்கு மேல் ஒப்பந்தம், 2025 இல் சம்பியன். வான்விலீட்டும் 2016 இல் தெரிவாகாதவர்தான், ராப்ரர்ஸ் கோடைகால அணியிலிருந்து வந்தவர். உண்மையான கதைகள். ஆனால் 2015 டிராஃப்டில் 52 ஆவதாகத் தெரிவான சத்னாம் சிங்குக்கு என்பிஏயில் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. டிராஃப்டே இடத்தை உறுதிசெய்யாதபோது முகாம் அழைப்பு என்ன செய்யும்?

எதுவும் சரிவராவிட்டால் கனடாவின் சொந்தத் தொழில்முறை லீக்கான சிஈபிஎல் இருக்கிறது. கோடைகாலத்தில் நடப்பது, உங்கள் வீட்டுக்குக் கிட்ட பான் ஆம் மையத்தில் ஸ்காபரோ ஷூட்டிங் ஸ்டார்ஸ் ஆடுகிறது, 2023 இல் கிண்ணமும் எடுத்தது. ஒவ்வொரு அணியும் கனடியர்களை வைத்திருக்கவேண்டும் என்பதால் ஐரோப்பாவில் அவனுக்குத் தடையாக இருக்கும் அதே கடவுச்சீட்டு இங்கே அவனுக்கு இடம் பிடித்துத்தரும். சம்பளம் பெரிதில்லை. ஆட்ட நேரம் உண்டு, வீடியோ உண்டு.

லாஸ் வேகஸ் போகுமுன் குடும்ப மருத்துவரிடம் அனுப்பி முழங்கால், கணுக்கால் எம்ஆர்ஐ எடுக்க முடிந்தால் எடுத்து, பிரதியை வீட்டில் வையுங்கள். முகாமில் காயப்பட்டால், அது பழைய காயம் என்று சொல்லித் தப்பப் பார்ப்பார்கள். அப்போது அந்தத் தாள் வேண்டும்.