வீடு – கேள்வி பதில்

கேள்வி: ஸ்டில்ட்டும் ஐந்து மாடியும் உள்ள அடுக்ககத்தில் மேல் மாடி எங்களுடையது. எல்லா வீட்டு ஏ.சி. அவுட்டோர் யூனிட்டும் பாத்ரூம் டக்டுக்குள்தான் (காற்றுப் போக விட்ட, சுவர் சூழ்ந்த இடைவெளி) தொங்குகின்றன. மதியம் இரண்டு மணிக்கு மேல் ஏ.சி. குளிர்வதே இல்லை. மூன்று முறை கேஸ் ஏற்றியாயிற்று. டக்டில் மாட்டுவது விதிப்படி சரியா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: முதலில் கேஸ் ஏற்றுவதை நிறுத்துங்கள். காலையில் குளிர்ந்து மதியம் மட்டும் படுத்துவிடும் ஏ.சி.க்கு நோய் பெரும்பாலும் கேஸில் இருக்காது. அளவுக்கு மீறிய கேஸ் அழுத்தத்தைக் கூட்டிக் கம்ப்ரஸரைத்தான் காவு வாங்கும்.

ஒன்றரை டன் யூனிட் ஆறு கிலோவாட்டுக்கு மேல் வெப்பத்தை வெளியே தள்ளும். ஐந்து வீடென்றால் முப்பது. நாலு பக்கமும் சுவர். அத்தனை சூடும் மேலேறி உங்கள் யூனிட்டின் முதுகில் வந்து நிற்கிறது. மதியம் அவுட்டோர் யூனிட் காயிலின் பின்புறம் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிடுங்கள். மொட்டைமாடி நிழலைவிட எட்டு, பத்து டிகிரி கூடுதலாகக் காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பில் (2016) டக்ட் என்பது கழிவறை, குளியலறைக் காற்றோட்டத்துக்கானது. 18 மீட்டர் உயரம் வரை அதன் பரப்பு குறைந்தது 4 சதுர மீட்டர், குறுகிய பக்கம் 1.5 மீட்டர் இருக்க வேண்டும். டேப் வைத்து அளந்து, யூனிட்டுகள் அடைக்கும் இடத்தைக் கழித்துப் பாருங்கள். அசோசியேஷன் கூட்டத்தில் பேச அந்தக் கணக்கே போதும். அந்தத் தொகுப்பு தானாகச் சட்டமாகிவிடாது என்பதால், தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019, உங்கள் அனுமதி வரைபடம் இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

மொட்டைமாடிக்கு மாற்றுவதே தீர்வு. பைப் நீளும்போது எத்தனை கிராம் கேஸ் கூட்டுவது என்பது மேனுவலில் இருக்கும், கண்ணளவு கூடாது. நைட்ரஜன் அடைத்துக் கசிவு பார்த்த பிறகு, பைப்பிலுள்ள காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்பை, உள்ளழுத்தம் 500 மைக்ரானுக்குக் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறங்கும் வரை ஓட்டச் சொல்லுங்கள். "கொஞ்சம் கேஸை விட்டே காற்றைத் தள்ளிடலாம் சார்" என்றால் சம்மதிக்காதீர்கள். உங்கள் ஏ.சி.யில் இருப்பது ஆர்-32 என்றால், அது தீப்பிடிக்கும் கேஸ். ஸ்பிளிட் ஏ.சி.யின் இரண்டு செம்பு பைப்பில் பெரியது மட்டுமல்ல, சின்ன பைப்பும் பெரும்பாலும் சில்லிடும். இரண்டுக்கும் தனித்தனியாக உறை போடாவிட்டால் சுவர் வேர்க்கும்.

கேள்வி: ஜன்னலில்லாத 5×8 அடி பாத்ரூமுக்கு எந்த அளவு எக்ஸாஸ்ட் ஃபேன்?
– வாசகி, மதுரை

பதில்: மணிக்கு 6 முதல் 10 முறை காற்று மாற வேண்டும். 9 அடி உயரத்துக்கு அது மணிக்கு அதிகபட்சம் சுமார் 100 கன மீட்டர்; ஆறு அங்குல ஃபேன் தாராளம். கதவடியில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். உள்ளே வர வழியில்லாத காற்றை எந்த ஃபேனும் வெளியே தள்ளாது.