தைராய்டு குறைவால் கெட்ட தோலும் முடியும் எப்போது திரும்பும்? கேள்வி பதில்

தோல் நோய்ப் பிரிவில் 24 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தேன். தைராய்டு சுரப்புக் குறைவுக்கு நானும் 13 ஆண்டுகளாகத் தினமும் மாத்திரை விழுங்குகிறேன். மருந்து கொடுக்கும் பக்கமும் வாங்கும் பக்கமும் நின்று பார்த்தவள் என்பதால்தான் பதில் சொல்ல முன்வந்தேன். மாத்திரையின் அளவு உங்கள் மருத்துவரின் முடிவு. அதில் தலையிட மாட்டேன். மற்றதைக் கேளுங்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயது. டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது ஏறும்) 38 இருந்தது. மாத்திரை தொடங்கி ஏழு வாரத்தில் 3.1-க்கு வந்துவிட்டது. ஆனால் முடி முன்பைவிட அதிகமாகக் கொட்டுகிறது. மாத்திரைதான் காரணமோ என்று பயமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். இந்த இடத்தில் பயந்து நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு தலைமுடிக்கும் தனிக் காலக்கணக்கு உண்டு. சில ஆண்டுகள் வளரும். பிறகு சுமார் மூன்று மாதம் வளராமல் அப்படியே இருக்கும். அதன் பிறகு விழும். நல்ல நிலையில் பத்தில் ஒன்பது முடி வளர்ந்துகொண்டிருக்கும். ஹார்மோன் குறையும்போது ஏராளமான முடிகள் ஒரே சமயத்தில் வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுக்குப் போய்விடுகின்றன. ஆகவே இன்று உங்கள் சீப்பில் வருவது பழைய பாக்கி. அந்த முடி வளர்ச்சியை நிறுத்திய நாளில் உங்கள் ஹார்மோன் மிகவும் தாழ்ந்து கிடந்தது. இப்போது ஹார்மோன் ஏறியதும் வேர்கள் விழித்துக்கொண்டு புதிய முடியை விடுகின்றன. அது மேலே வரும்போது ஓய்வில் இருந்த பழைய முடி கழன்று விழுகிறது. மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில் கொட்டுவது கூடுவது இதனால்தான்.

ஒன்று செய்து பாருங்கள். உதிர்ந்த முடி ஒன்றைக் கறுப்புத் துணியின் மேல் வைத்து வேர்ப்பக்கத்தை உற்றுப் பாருங்கள். கடுகைவிடச் சிறிய வெள்ளைக் குமிழ் ஒன்று தெரிகிறதா? அப்படியானால் அது காலம் முடிந்து தானாக விழுந்த முடி. ‘வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டதே’ என்று அந்தக் குமிழைப் பார்த்துத்தான் பலர் கலங்குகிறார்கள். முடியை உண்டாக்கும் பை தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. குமிழ் இல்லாமல் இரண்டு முனையும் பிசிறாக இருந்தால் அது வறட்சியால் நடுவில் ஒடிந்த முடி. அதற்கு வைத்தியம் வேறு.

அவரே மீண்டும்: நன்றி அக்கா, குமிழ் இருக்கிறது. எப்போது நிற்கும்?

பதில்: டி.எஸ்.எச். சரியான நாளிலிருந்து மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் கொட்டுவது குறையும் என்று எதிர்பாருங்கள். ஒரு நாளில் 50 முதல் 100 முடி வரை விழுவது எல்லோருக்கும் இயல்பு. அதற்கும் கீழே இறங்காது. புதிய முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும். பின்னல் நுனிவரை பழைய தடிமன் வேண்டுமென்றால் இரண்டு, மூன்று ஆண்டுகள்கூட ஆகும். ஆனால் நல்ல செய்தி அதற்கு வெகு முன்பே தெரியும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்று, நெற்றி ஓரத்தைக் கண்ணாடியில் பாருங்கள். விரல் நகம் அளவுக்குக் குட்டை முடிகள், வாரினாலும் படியாமல், நட்டுக்கொண்டு நிற்கும். எனக்கு அவை நான்காவது மாதத்தில் வந்தன. அன்று நான் அழுதேன்.

கேள்வி: சிஸ்டர், என் மனைவிக்குப் புருவத்தின் வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. திரும்ப வருமா?

பதில்: பெரும்பாலும் வரும். தைராய்டு குறைவின் பழைய அடையாளங்களில் ஒன்று அது; மருத்துவப் புத்தகங்களில் அதற்கு ஹெர்டோகே குறி என்று பெயர். நீண்ட நாள் புருவத்தைப் பிடுங்கித் திருத்தியவர்களுக்கும், புருவப் பகுதியில் கரப்பான் என்ற தோல் அழற்சி உள்ளவர்களுக்கும் அதே இடம் மெலியும் என்பதால் அதை மட்டும் வைத்துத் தைராய்டு என்று முடிவு கட்டக் கூடாது. மருந்து சரியாகி ஆறு மாதமாகியும் அசைவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எனக்குக் காலில் தோல் மீன் செதில்போல உரிகிறது. குதிகால் வெடித்து இரத்தம் வருகிறது. எந்த கிரீமும் பயன்படவில்லை.

பதில்: கிரீமைக் குறை சொல்வதற்கு முன்னால் அதை எப்போது தடவுகிறீர்கள் என்று சொல்லுங்கள். ஹார்மோன் குறைந்தால் வியர்வைச் சுரப்பியும் எண்ணெய்ச் சுரப்பியும் மந்தமாகிவிடுகின்றன. தோலுக்கு வரும் இரத்த ஓட்டமும் குறைகிறது. அதனால்தான் தொட்டால் சில்லென்று இருக்கிறது. மேல்தோல் தடித்து, உதிர வேண்டிய வேகத்தில் உதிராமல் அடுக்கடுக்காக நிற்கிறது. காய்ந்த தோலின் மேல் கிரீம் தடவினால் பூட்டி வைக்க உள்ளே ஈரமே இல்லை.

குளியல் வெதுவெதுப்பான நீரில், பத்து நிமிடத்துக்குள் முடியட்டும். உடம்பு குளிர்கிறது என்று கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். மிச்சமிருக்கும் எண்ணெயையும் அது கரைத்துக்கொண்டு போகிறது. சோப்பு அக்குள், இடுப்பு மடிப்பு, பாதம் ஆகிய இடங்களுக்குப் போதும். துண்டால் ஒற்றி எடுத்து, தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் தடவிவிடுங்கள். கால்களுக்கு 10 சதவீதம் யூரியா உள்ள கிரீம் நல்லது. ஈரத்தை இழுத்துப் பிடிப்பதோடு செதிலையும் இளக்கும். குதிகாலுக்கு 20 அல்லது 25 சதவீதம் யூரியா தடவி, பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு தூங்குங்கள். ஆனால் இரத்தம் வரும் வெடிப்பில் யூரியா எரியும். அது மூடும்வரை வெறும் பெட்ரோலியம் ஜெல்லி போதும். சர்க்கரை நோய் இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: 52 வயது ஆண். முகம் உப்பியிருக்கிறது, கண்ணுக்குக் கீழே பை. உப்பைக் குறைத்தும் வடியவில்லை. மாத்திரை தொடங்கி மூன்று வாரம்.

பதில்: அண்ணா, கணுக்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். குழி விழுந்து சற்று நேரம் நின்றால் நீர் கோத்த வீக்கம். இதயமா சிறுநீரகமா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். குழி விழாமல் மாவுபோல மெத்தென்று இருந்தால் அது தைராய்டு வீக்கமாக இருக்கலாம். தோலுக்கடியில் சளிபோன்ற ஒரு பொருள் சேர்ந்து, நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. 1878-இல் வில்லியம் ஆர்ட் என்ற மருத்துவர் அதைக் கண்டுதான் இந்த நோய்க்கு மிக்சிடீமா, அதாவது சளி வீக்கம், என்று பெயர் வைத்தார். உப்பைக் குறைப்பதால் அந்தப் பொருள் கரையாது, ஹார்மோனால் கரையும். 1891-இல் ஜார்ஜ் மர்ரே என்பவர் ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் தேறி, அதன்பின் 28 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். இன்று நாம் காலையில் விழுங்கும் சின்ன மாத்திரைக்கு முன்னோடி அந்த ஊசிதான்.

முடியைப்போல இதற்கு ஆண்டுக்கணக்கு ஆகாது. சில வாரங்களிலேயே முகம் இளைக்கத் தொடங்கும். எனக்கு முதலில் தெரிந்தது மோதிரத்தில்: சோப்பு போட்டும் கழலாதது, ஒரு நாள் கை கழுவும்போது தானாகச் சுழன்றது.

கேள்வி: கடையில் முடிக்கென்று பயோட்டின் மாத்திரை வாங்கினேன், 10,000 மைக்ரோகிராம். தொடரலாமா?

பதில்: இதற்குத்தான் காத்திருந்தேன். பயோட்டின் பி வகை வைட்டமின்களில் ஒன்று. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் போதுமான அளவு 30 மைக்ரோகிராம். நீங்கள் விழுங்குவது அதைப்போல முந்நூறு மடங்குக்கும் மேல். பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்கு அதனால் முடி வளரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. அதைவிடப் பெரிய தொல்லை, அது இரத்தப் பரிசோதனையை ஏமாற்றுகிறது. பல ஆய்வுக்கூடக் கருவிகள் பயோட்டினைப் பயன்படுத்தித்தான் ஹார்மோனை அளக்கின்றன. உங்கள் இரத்தத்தில் அது நிரம்பியிருந்தால் டி.எஸ்.எச். இருப்பதைவிடக் குறைவாகவும், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 அதிகமாகவும் காட்டக்கூடும். அதை நம்பி மருந்தைக் குறைத்துவிட்டால் முடிக்காக வாங்கிய மாத்திரையே முடியைக் கெடுக்கும். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பு நிறுத்துங்கள். இவ்வளவு பெரிய அளவு என்பதால் எத்தனை நாள் என்று மருத்துவரிடமும் கேளுங்கள், ஆய்வுக்கூடத்திலும் சொல்லுங்கள்.

செலினியமும் வைட்டமின் ஏ-யும் அளவு மீறினால் அவையே முடியைக் கொட்டச் செய்யும். கடற்பாசி மாத்திரையில் உள்ள மிதமிஞ்சிய அயோடின் தைராய்டையே மேலும் மந்தமாக்கலாம். கேட்காமல் எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: உள்ளங்கை மஞ்சளாக இருக்கிறது. மஞ்சள் காமாலையா?

பதில்: கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அது வெள்ளையாகவே இருந்தால் கேரட் போன்ற காய்களில் உள்ள மஞ்சள் நிறப்பொருளான கரோட்டின் தேங்கியிருக்க வாய்ப்பு அதிகம். கரோட்டினை வைட்டமின் ஏ-யாக மாற்றும் வேலை தைராய்டு குறைந்தால் மெதுவாகிறது. மருந்து பிடித்ததும் போய்விடும். கண்ணும் மஞ்சளானால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. மூன்று மாதமாக மாத்திரை சாப்பிடவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. தோல் மிகவும் வறண்டுவிட்டது. இரண்டு நாளாக எழுப்பினாலும் தூங்கிவிடுகிறார், பேச்சு குழறுகிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது. என்ன கிரீம் போடலாம்?

பதில்: கிரீமைப் பிறகு பார்ப்போம். இப்போதே அவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். தைராய்டு மாத்திரை நின்றுபோனதை உள்ளே நுழைந்ததும் முதலில் சொல்லுங்கள். விட்டுப்போன மாத்திரைகளைச் சேர்த்து வீட்டில் கொடுக்காதீர்கள். சூடான ஒத்தடமும் வேண்டாம், போர்வையால் போர்த்தினால் போதும். போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: டி.எஸ்.எச். ஓராண்டாகச் சரியாக இருக்கிறது. வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போகிறது. அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: வேண்டாம் தோழி. தேவைக்கு மேல் போனாலும் முடி கொட்டும். கூடவே இதயம் படபடக்கும், எலும்பும் தேயும். ஓராண்டு சரியாக இருந்தும் முடி வரவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். தைராய்டு குறைந்த காலத்தில் மாதவிடாய் அதிகமாகப் போயிருந்தால் இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கும். ஹீமோகுளோபின் மட்டும் போதாது, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். வகிடு மட்டும் அகல்வது பரம்பரை வகை முடி மெலிவின் போக்கு. அதற்கு மினாக்சிடில் போன்ற தனி மருந்து இருக்கிறது, கர்ப்பத் திட்டம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாணயம்போல வட்டமாக வழுக்கை விழுந்தால் அது புழுவெட்டு. ஹாஷிமோட்டோ வகைத் தைராய்டு உள்ளவர்களுக்கு அது சற்று அதிகமாக வரும், ஏனென்றால் இரண்டிலும் உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்குகிறது.

இரும்பு மாத்திரை கொடுத்தால் அதற்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியத்துக்கும் அப்படியே.

கேள்வி: காலையில் காபியோடு மாத்திரை விழுங்குகிறேன். தவறா?

பதில்: ஆம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விடுங்கள். பழக்கத்தை மாற்றினால் மருந்து உடலில் கூடுதலாகச் சேரும் என்பதால், 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.எச். மறுபடி பாருங்கள்.

கேள்வி: அம்மா, எனக்கு 19 வயது. தலையில் தோல் தெரிகிறது. யார் முன்னாலும் போக முடியவில்லை. மாத்திரை தொடங்கி இரண்டு மாதம். முடியை வெட்டிவிடலாமா?

பதில்: வெட்டிக்கொள், மகளே. வெட்டினால் அடர்த்தியாக வளரும் என்பது உண்மையில்லை. ஆனால் தோள்வரை வெட்டினால் பாரம் குறைந்து முடி எழும்பி நிற்கும், தோல் அவ்வளவு தெரியாது. இழுத்துக் கட்டாதே. ஈர முடியை அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கிச் சிக்கெடு. குளிக்கும்போது கையோடு வரும் முடியை எண்ணி எண்ணி நானும் பல காலைகளைப் பாழாக்கினேன், நீ எண்ணாதே. மாதம் ஒரு முறை, அதே ஜன்னல் பக்கம், அதே இடத்தில் வகிடெடுத்து, ஒரு புகைப்படம் எடுத்து வை. முதல் மூன்று படங்களில் ஒன்றும் தெரியாது. நான்காவதையும் ஐந்தாவதையும் முதல் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.