கான்ஃபரன்ஸ் மாறினால் மகளின் டென்னிஸ் ஸ்காலர்ஷிப் என்ன ஆகும்?

அமெரிக்கக் கல்லூரி நடுவில் கான்ஃபரன்ஸ் (கல்லூரிகள் சேர்ந்து ஆடும் போட்டிக் கூட்டமைப்பு) மாறிவிட்டால் மகளின் ஸ்காலர்ஷிப் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதனால் மட்டும் போகாது. உதவித்தொகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது கல்லூரிதான், கான்ஃபரன்ஸ் அல்ல. மாறுவது பயணமும் வகுப்பு நேரமும். எஃப்-1 எனும் மாணவர் விசாவில் போகும் பிள்ளைக்கு அதுவே பெரிய தலைவலி.

இந்த இடமாற்றமெல்லாம் அமெரிக்கன் ஃபுட்பால் டிவி பணத்துக்காக நடப்பது. டென்னிஸ் கூடவே இழுபட்டுப் போகிறது. மேற்குக் கரையின் பேக்-12 கான்ஃபரன்ஸில் இருந்த ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் 2024 ஆகஸ்டில் ஏசிசிக்கு (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) போயின. பெயரிலேயே அட்லாண்டிக் இருக்கிறது, கல்லூரிகளோ பசிபிக் கரையில்! பாஸ்டனில் ஒரு மேட்ச் என்றால் ஆறு மணி நேர விமானம், மூன்று மணி நேரக் கடிகார வித்தியாசம். வாஷிங்டன் ஸ்டேட், ஆரிகன் ஸ்டேட் இரண்டும் பேக்-12இல் தனித்து நின்றன. பெரும்பாலான விளையாட்டுகளை இரண்டு ஆண்டுகளுக்கு வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் ஒட்டிக்கொண்டு ஆடவேண்டி வந்தது.

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் விளையாட்டுக்கு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மேட்ச் நாள் எவ்வளவு நீண்டாலும் கணக்கில் 3 மணி நேரம்தான். பயண நேரம் கணக்கிலேயே வராது. வகுப்பு தவறுகிறதே என்றால், 'ஆன்லைனில் எடுத்துக்கொள்' என்பார்கள். உள்ளூர் மாணவிக்கு அது சரி. எஃப்-1 மாணவிக்கு ஒரு பருவத்தில் ஒரு ஆன்லைன் பாடம், அதாவது 3 கிரெடிட், மட்டுமே முழுநேரப் படிப்பில் சேரும். முழுநேரத்துக்கு வேண்டிய 12 கிரெடிட்டில் இரண்டு பாடங்களை ஆன்லைனில் எடுத்தால் விசா கணக்கில் 9தான் நிற்கும். விசா அந்தஸ்தே ஆட்டம் காணும். பாடங்களைப் பதிவதற்கு முன் கோச்சிடம் கேட்டால் போதாது, சர்வதேச மாணவர் அலுவலகத்திலும் கேட்கவேண்டும். வாரந்தோறும் லேப் உள்ள மேஜர் (முதன்மைப் பாடம்) என்றால் போன சீசனின் பயண அட்டவணையை வாங்கி, எத்தனை வியாழன், வெள்ளி போகிறது என்று எண்ணிப் பாருங்கள். பிறகு மேஜரை மாற்றுவதும் எளிதல்ல: மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டத்தில் 40 சதவீதம், நான்காம் ஆண்டில் 60 சதவீதம் முடிந்திருந்தால்தான் ஆடமுடியும்.

கல்லூரி இன்னும் இடம் மாறுமா? பூட்டு எவ்வளவு பலம் என்று பாருங்கள். உறுப்பினரைக் கட்டிப்போட இரண்டு வழி: வெளியேறும் கட்டணம், ஒளிபரப்பு உரிமையை கான்ஃபரன்ஸிடம் எழுதிக்கொடுக்க வைப்பது. டெக்சஸும் ஓக்லஹோமாவும் ஒரு வருடம் முன்னதாக பிக் 12 கான்ஃபரன்ஸை விட்டுப்போக இருவருமாக 10 கோடி டாலர் விட்டுக்கொடுத்தன. ஃப்ளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் ஏசிசிமேல் வழக்குப் போட்டு, 2025 மார்ச்சில் சமரசம் ஆனது. அதன்படி டிவி பணத்தில் ஒரு பகுதி பார்வையாளர் எண்ணிக்கைப்படி பிரியும், 2025-26க்கு 16.5 கோடி டாலர் என்று வைத்த வெளியேறும் கட்டணம் ஆண்டுதோறும் 1.8 கோடி குறைந்து, 2030-31இல் 7.5 கோடியில் நிற்கும். பிக் டென் என்ற இன்னொரு கான்ஃபரன்ஸின் டிவி ஒப்பந்தம் 2029-30உடனும், பிக் 12 ஒப்பந்தம் 2030-31உடனும் முடிகின்றன. 2026இல் சேர்பவர் நான்கே ஆண்டில் முடித்தால், ஒப்பந்தங்கள் முடியும்போது மறுபடி கிளம்பக்கூடிய இடமாற்றக் கலாட்டாவுக்கு முன் பட்டத்தோடு வெளியே வந்துவிடலாம். 2028இல் சேரும் தங்கை என்றால் நடுவில் மாட்ட வாய்ப்பு உண்டு.

அதைவிட எனக்குக் கவலை தருவது பணம்தான். வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய வழக்கில் 2025 ஜூனில் ஒப்புதலான 'ஹவுஸ்' சமரசத்தின்படி கல்லூரிகள் முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். அதில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் போகும்; டென்னிஸ் போன்றவற்றின் பட்ஜெட்டில்தான் கை வைப்பார்கள். சமரசத்தில் சேர்ந்த கல்லூரியில் டென்னிஸ் அணிக்கு 10 பேர்தான் வரம்பு.

எனவே எழுத்தில் கேளுங்கள்: உதவித்தொகை ஓராண்டுக்கா, நான்காண்டுக்கா? அணியையே கலைத்தால் பட்டம் முடியும்வரை பணம் தொடருமா? வீரரையும் கல்லூரியையும் பிணைத்த பழைய நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற கடிதம் 2024 அக்டோபரில் ஒழிக்கப்பட்டுவிட்டது. இப்போது அந்த உதவி ஒப்பந்தமே முக்கிய ஆவணம். கோச்சின் வாட்ஸ்அப் வாக்குறுதி ஆவணமாகாது.

அப்படியும் மகள் கல்லூரி மாறத்தான் வேண்டும் என்றால், டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (மாற விரும்பும் வீரர்களின் பட்டியல்) பெயர் கொடுக்கும் முன்பே பழைய உதவி எதுவரை நிற்கும் என்று கேட்டுவிடுங்கள். பழைய கல்லூரி அவளுடைய செவிஸ் பதிவை (வெளிநாட்டு மாணவர் பற்றிய அமெரிக்க அரசின் பதிவு) விடுவிக்கும் தேதியையும் முடிவு செய்துகொள்ளுங்கள். அது நடந்த பிறகுதான் மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்தைப் புதிய கல்லூரி தரமுடியும்.