கிளிப் போட்ட பிறகு பல் பொருத்தம் கெடுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 28. கீழ்த்தாடை முன்னே நீண்டிருப்பதால் முன்பற்களால் எதையும் கடித்துத் துண்டாக்க முடிவதில்லை. தாடை அறுவை சிகிச்சைக்காகக் கிளிப் போட்டு ஓராண்டுக்கு மேல் ஆகிறது. ஆனால் கீழ்ப்பற்கள் முன்னிலும் அதிகமாக வெளியே வந்துவிட்டன. சிகிச்சை தவறிவிட்டது என்கிறார்கள் வீட்டில். இன்னும் மூன்று மாதத்தில் அறுவை சிகிச்சை. நான் எப்படித் தயாராக வேண்டும்?
– வாசகி, மதுரை

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் சிகிச்சை தவறியதாகத் தெரியவில்லை, இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். கீழ்த்தாடை மிகுதியாக வளரும்போது, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எப்படியாவது சந்திக்கும் பொருட்டு, கீழ் முன்பற்கள் நாக்குப் பக்கமும் மேல் முன்பற்கள் உதட்டுப் பக்கமும் சாய்ந்து, எலும்பின் குறையைப் பல ஆண்டுகளாக மறைத்து வந்திருக்கும். கிளிப் அந்தச் சாய்வை நீக்கி, பற்களை அவற்றுக்குரிய எலும்பின்மேல் நேராக நிறுத்துவதால், மறைந்திருந்த இடைவெளி முழுவதும் வெளிப்படுகிறது. தாடையை எவ்வளவு நகர்த்த இயலும் என்பது அந்த இடைவெளியைப் பொறுத்தது. பற்கள் பாதிச் சாய்விலேயே நின்றால், தாடையைப் பின்னே கொண்டுபோகும்போது அவை முட்டிக்கொள்ளும். எலும்பு போக வேண்டிய இடத்துக்குப் போகாது. ஆகவே இப்போது கிளிப்பைக் கழற்றுவதோ, பற்களை மட்டும் பின்னே இழுத்துத் தரும்படி வேறொருவரிடம் போவதோ கூடாது. அறுவை சிகிச்சையை முதலில் செய்து, பிறகு கிளிப்பைத் தொடரும் முறையும் உண்டு என்றாலும், அது எல்லோருக்கும் பொருந்துவதில்லை.

கீழ்த்தாடையில் ஞானப்பல் இருக்கிறதா என்று உடனே கேளுங்கள். தாடையை நகர்த்துவதற்காக எலும்பைப் பிளக்கும் இடம் அதை ஒட்டியே இருப்பதால், பல மருத்துவர்கள் ஆறு மாதம் முன்பே அதைப் பிடுங்கிவிடுவார்கள். சிலர் அறுவை சிகிச்சையின்போதே எடுப்பார்கள். கால அவகாசம் குறைவாக இருப்பதால், நீங்களாக வேறெங்கும் போய்ப் பிடுங்கிக்கொள்ள வேண்டாம். கடைசி வாரங்களில் தடித்த கம்பியும் கொக்கிகளும் பொருத்தி, பல் அளவு எடுத்து, அறுவை சிகிச்சையின்போது பற்களுக்கிடையே வைக்கும் அக்ரிலிக் தகட்டைச் செய்வார்கள். அளவு எடுத்த பிறகு கிளிப்பில் ஒரு துண்டு கழன்றாலும் அன்றே தெரிவிக்க வேண்டும். பல் சற்று நகர்ந்தாலும் தகடு பொருந்தாமல் போகலாம்.

ரத்தசோகை நம் பெண்களிடம் மிகுதி என்பதால் ஹீமோகுளோபினை இப்போதே பரிசோதித்து, குறைவாக இருந்தால் சரிசெய்துகொள்ளுங்கள். ஆஸ்பிரின், கருத்தடை மாத்திரை, நாட்டு மருந்து என எதை உட்கொண்டாலும் மயக்க மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

உணவு விஷயத்தில் முன்யோசனை வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பின் முதலில் திரவ உணவு, பிறகு அரைத்து வடிகட்டியது, ஏறத்தாழ ஆறு வாரம் வரை மெல்லத் தேவையில்லாத மென்மையான உணவு என்று போகும். ராகிக் கூழ், பருப்பும் நெய்யும் சேர்த்து அரைத்த ரசம் சாதம், வடிகட்டிய ஆட்டெலும்பு சூப், மோர் எல்லாம் பயன்படும். கஞ்சியை மட்டும் குடித்தால் புரதம் போதாது. எடை வேகமாகக் குறையும். குழந்தைகளுக்கான சிறிய, மென்மையான பிரஷ் ஒன்றும் வாங்கி வையுங்கள். வீக்கம் இரண்டு மூன்று நாளில் உச்சத்தை எட்டிப் பிறகு வடியும். மேசை வேலையென்றாலும் இரண்டு மூன்று வாரம் விடுப்பு கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கீழுதடு மரத்துப்போகும், வாயைக் கம்பியால் கட்டிவிடுவார்கள் என்கிறார்களே?
– அதே வாசகி

பதில்: முதலாவது உண்மை. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே ஓடுகிறது. பிளவு அதன் அருகில் செல்வதால், தொடக்கத்தில் மரத்துப்போவது பெரும்பாலோருக்கு நேர்கிறது. உணர்வு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ திரும்பும். சிலருக்கு ஒரு சிறு பகுதி நிரந்தரமாகவே மரத்திருக்கும், வயது கூடக்கூட இதற்கான வாய்ப்பும் கூடும். உதட்டை அசைப்பது வேறு நரம்பு என்பதால் பேச்சும் சிரிப்பும் பொதுவாகப் பாதிக்கப்படுவதில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் இதை மருத்துவரிடம் விரிவாகப் பேசுங்கள். உணர்வு திரும்பும்வரை காபியை ஆற்றியே குடியுங்கள். உதடு சுடுவது தெரியாது.

இரண்டாவது பெரும்பாலும் பழைய கதை. ட்ரவுனர், ஒப்வெகேசர் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர்கள் 1957இல் இந்தப் பிளவு முறையை ஆங்கிலத்தில் வெளியிட்ட காலத்தில், எலும்பு சேரும்வரை தாடைகளை வாரக்கணக்கில் கட்டிவைத்தார்கள். இன்று டைட்டானியம் தகடுகளும் திருகாணிகளும் எலும்பைப் பிடித்துக்கொள்வதால், பெரும்பாலும் ரப்பர் வளையங்களே போதுமானவை. ஆனாலும் உங்கள் மருத்துவரின் வழக்கம் என்ன என்று கேட்டுவிடுங்கள். கட்டுவதாக இருந்தால், அவசரத்தில் கம்பியை வெட்டும் கருவி எங்கே இருக்கும் என்பதை உடனிருப்பவர் அறிந்திருக்க வேண்டும்.

கேள்வி: இதற்கு மருத்துவக் காப்பீடு கிடைக்குமா?
– வாசகர், சேலம்

பதில்: அழகுக்கான அறுவை சிகிச்சையை இந்தியக் காப்பீடுகள் விலக்குகின்றன. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்புக்கும், மருத்துவத் தேவை என்று சிகிச்சை தரும் மருத்துவர் சான்றளிப்பவற்றில் சிலவற்றுக்கும் இந்த விலக்கு பொருந்தாது. மெல்ல முடியாமை, தூக்கத்தில் மூச்சு தடைப்படுதல் போன்றவை இருந்தால் அவற்றைக் கடிதத்தில் எழுதச் சொல்லி, எக்ஸ்ரேயையும் இணைத்து, மருத்துவமனையில் சேருவதற்கு முன்பே எழுத்து மூலம் ஒப்புதல் கேளுங்கள். தொலைபேசியில் சொல்லும் ‘கிடைக்கும் சார்’ என்பதை நம்பித் தேதி குறிக்க வேண்டாம்.