புயல் நேரத்தில் கொல்லையில் வளர்க்கும் வாத்து, கூஸ் வாத்துகளை எப்படிப் பாதுகாப்பது?

"வாத்துதானே, நீந்திக்கொள்ளும்" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் ஊரிலும் பாதிப் பேர் அதைத்தான் சொல்கிறார்கள். கொல்லையில் கொஞ்சம் நாட்டு வாத்தும் ஒரு ஜோடி கூஸும் வைத்திருப்பவர் நீங்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆயிரக்கணக்கில் வயலில் மேய்க்கிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் வீடு கடலூரில், தென்பெண்ணை ஓரம். வளர்ந்த வாத்தை மழை அவ்வளவாக ஒன்றும் செய்யாது, இறகில் எண்ணெய் இருக்கிறது. கோழி அடைகாத்துப் பொரித்த வாத்துக் குஞ்சுகளுக்கு அது போதாது, நனைந்தால் விறைத்துவிடும். மற்றபடி பயப்பட வேண்டியது பறக்கும் தகரத்துக்கும், மழை விட்ட பிறகு வரும் வெள்ளத்துக்கும்தான். 2011 டிசம்பர் 30 காலை ‘தானே’ புயல் கரையேறியதைப் பார்த்தவர்களுக்குக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதிலிருந்து, புயல் என்று சேதி வந்தாலே கொல்லைக் கூட்டை நாங்கள் நம்புவதில்லை. தகரத்தைக் கழற்றித் தரையில் போட்டு மேலே கல்லை ஏற்றிவிட்டு, எல்லாவற்றையும் ஸ்டோர் ரூமுக்கு ஓட்டிவிடுவோம்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் வந்த அன்று ஆண் கூஸ் உள்ளே வர மாட்டேன் என்று அடம். துவைக்கிற கல் பக்கம் நின்றுகொண்டு கழுத்தைத் தரையோடு நீட்டிச் சீறியது. துரத்தினால் போச்சு. இரண்டு கையிலும் நீளக் குச்சியை அகலமாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தேன், வரிசையாகப் போய்விட்டன. தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் காலைப் பிடிக்காதீர்கள், சட்டென்று பிசகிவிடும். இறக்கையோடு சேர்த்து உடம்பை அணைத்துத் தூக்குங்கள். உள்ளே நிறைய வைக்கோல், மூக்கு முங்கும் அளவுக்கு வாளியில் தண்ணீர், ஒரு சார்ஜ் விளக்கு. விளக்கு முக்கியம். கும்மிருட்டில் ஏதாவது சத்தம் கேட்டால் மிரண்டு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும். அந்தக் களேபரத்திலும் ஒரு வாத்து அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் முட்டை போட்டு வைத்திருந்தது. வீட்டுக்குள் வாத்தா, நாறாதா என்று கேட்பீர்கள். நாறியது. கழுவினோம், போய்விட்டது.

இரவு புதுச்சேரி பக்கம் கரையேறியது, அப்புறம் மழையும் விட்டது. பின்தெருக்காரர் உடனே தன் வாத்துகளைத் திறந்து விட்டார். பாவம் அடைந்து கிடக்கின்றனவே என்று எனக்கும் யோசனை சொன்னார். நான் அசையவில்லை. மேற்கே திருவண்ணாமலைப் பக்கம் பெய்வதெல்லாம் கடைசியில் எங்கள் ஆற்றுக்குத்தான் வரும். வந்தது. சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணை கரை கொள்ளாமல் ஊருக்குள் ஏறியது. தண்ணீர் வாசலைத் தொடும் முன்பே எங்களுடையவற்றை மாடிப்படி முகப்புக்கு ஏற்றிவிட்டோம். அவருடையவை நன்றாகத்தான் நீந்தின, ஓட்டத்தோடு கடல் பக்கமாக. ஒன்றுகூடத் திரும்பவில்லை. குத்திக் காட்டுவதாக நினைக்க வேண்டாம், அவரே இப்போது எல்லோரிடமும் இதைச் சொல்கிறார்.

தண்ணீர் வடிந்ததும் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். செத்தது அழுகிய குட்டையில் மேய்ந்தால் கழுத்து தொங்கிப்போய்ச் சாகும். நனைந்த கடலைப் புண்ணாக்கைக் காயவைத்துப் போடலாம் என்று ஆசைப்படவும் வேண்டாம். பூஞ்சை நஞ்சைக் கோழி ஓரளவு தாங்கும், வாத்து தாங்காது.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் மழைத்தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் இருந்தது. அதைத் தூர்த்து மனை பிரித்து, ஏதோ நகர் என்று வளைவும் வைத்துவிட்டார்கள். இப்போது சாதாரண ஐப்பசி மழைக்கே என் கொல்லையில் முழங்கால் தண்ணீர். அந்த நகரில் குடிவந்த ஒருவர், கூஸ் கத்துகிறது, தூக்கம் கெடுகிறது என்று என் மேல் புகார் கொடுத்திருக்கிறார். வெள்ளத்துக்குப் பிறகு அது ராத்திரியில் கத்தியதெல்லாம் அவர் மதில் ஓரமாக ஒதுங்கிய பாம்பைப் பார்த்துத்தான்.