அசலும் வந்த வழியும்: இனவியல் சேகரிப்புகள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: இனவியல் சேகரிப்பில், அதாவது பல்வேறு மக்களின் வாழ்வையும் பண்பாட்டையும் காட்டும் பொருள்களில், ஒன்று அசல்தான் என்று உறுதியான பிறகும் அது வந்த வழியை ஏன் ஆராய வேண்டும்?

பதில்: பெனின் அரசின் பித்தளை வார்ப்புகளை எடுத்துக்கொள்வோம். 1897-இல் பிரிட்டிஷ் படை இன்றைய நைஜீரியாவிலுள்ள பெனின் நகரைத் தாக்கி அரண்மனையைக் கொள்ளையிட்டது. ஒரு வார்ப்பு அப்படைவீரர் ஒருவரிடமிருந்து கைமாறியது என்று பழைய ரசீது காட்டினால், அது பிற்காலப் போலியல்ல என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. அதே ரசீதுதான் அது கொள்ளைப்பொருள் என்பதற்கும் சான்று. ‘பழைய ஐரோப்பியச் சேகரிப்பு’ என்று மட்டும் விற்பனைப் பட்டியலில் கண்டால் நான் ஐயத்தோடுதான் மேலே படிப்பேன்.

கேள்வி: பெரிய அருங்காட்சியகங்களே ஏமாந்ததுண்டா?

பதில்: உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1897-இல் டிஃபனி நகை நிறுவனத்திடம் வாங்கிய, படிகக் கல்லில் செதுக்கிய மண்டையோடு, மெக்சிகோவின் பண்டைய அஸ்டெக் மக்களின் படைப்பாக நெடுங்காலம் கருதப்பட்டது. அதன் மேற்பரப்பிலுள்ள கருவித் தடங்களை அச்செடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஸ்பானியர் வருவதற்கு முன் மெக்சிகோவில் வழங்காத சுழல் சக்கரத்தின் கீறல்கள் தெரிந்தன. ஆவணங்களின் வழியே பின்னோக்கிச் சென்றவர்களோ யூஜீன் போபான் என்ற பிரெஞ்சுப் பழம்பொருள் வணிகரிடம்தான் போய்ச் சேர்ந்தார்கள், அகழாய்வுக் களம் எதற்கும் அல்ல. இத்தனைக்கும், முறையான அகழாய்வில் இத்தகைய மண்டையோடு ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. அந்த ஒரு வெற்றிடமே முதலில் உறுத்தியிருக்க வேண்டும்.

கேள்வி: மர முகமூடிக்குக் கரிமக் காலக்கணிப்பு (எஞ்சியுள்ள கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயதைக் கணிக்கும் முறை) போதாதா?

பதில்: பெரும்பாலும் போதாது. மரம் வளர்ந்த காலத்தையே அது சொல்லும், செதுக்கிய காலத்தை அல்ல. பழைய உத்தரத்தில் புதிய முகமூடி செய்ய எவராலும் முடியும். மேலும், ஏறத்தாழ 1650 முதல் 1950 வரையிலான காலத்தை அதனால் தெளிவாகப் பிரித்துக் காட்ட இயலாது; இனவியல் சேகரிப்புகளின் பெரும்பகுதி அந்த இடைவெளிக்குள்தான் விழுகிறது. 1950-களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கதிரியக்கக் கரிமத்தைக் கூட்டிவிட்டதால், அவற்றுக்குப் பின் வளர்ந்த மரமாயின் கையும் களவுமாகப் பிடிபடும்.

கேள்வி: வெளியாருக்கு விற்பதற்கென்றே செய்தவை போலிகளா?

பதில்: இல்லை. கனடாவின் மேற்குக் கரையில் வாழும் ஹைடா மக்கள், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே ஆர்கிலைட் என்னும் கருநிறக் கல்லில் சிற்பங்கள் செதுக்கிக் கப்பலில் வந்தவர்களுக்கு விற்றார்கள். அவை அசல் ஹைடாச் சிற்பங்களே. சடங்குப் பொருள்கள் என்று விவரச்சீட்டில் எழுதுவதுதான் தவறு.

கேள்வி: என்னிடமுள்ள பழம்பொருளைத் துடைத்து வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அடியில் ஒட்டியிருக்கும் கிழிந்த சீட்டும், மங்கிய மையில் எழுதிய எண்ணும் ஏதோவொரு பதிவேட்டுக்குக் கொண்டுசேர்க்கக்கூடும். முதலில் அவற்றைப் படம் எடுங்கள்.