தேசிய அணிக்குப் பயிற்சியாளர் தேடும் படலம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இந்தியக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு 2025-இல் 170 பேர் விண்ணப்பித்ததாகப் படித்தேன். அத்தனை பேரில் ஒருவரை எப்படிப் பொறுக்கி எடுக்கிறார்கள்? எங்கள் பகுதி அணிக்கு ஒரு பயிற்சியாளரைப் பிடிப்பதே பெரும்பாடாக இருக்கிறது.
– வியாசர்பாடி வாசகர்

பதில்: நடைமுறை எளிமையானதுதான். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பில் ஐ.எம். விஜயன் தலைமையிலான தொழில்நுட்பக் குழு விண்ணப்பங்களைச் சலித்து மூன்று பெயர்களை முன்வைத்தது. ஏற்கெனவே இருமுறை இந்திய அணியை நடத்திய ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், ஸ்லோவாக்கியாவின் முன்னாள் பயிற்சியாளர் ஸ்டெஃபான் தார்கோவிச், நம் நாட்டின் காலித் ஜமீல் ஆகியோரே அந்த மூவர். செயற்குழு கூடி, 2025 ஆகஸ்டு 1 அன்று ஜமீலைத் தேர்ந்தெடுத்தது. 2012-இல் சாவியோ மெடெய்ரா விலகிய பிறகு, 13 ஆண்டுகள் கழித்து ஓர் இந்தியர் அந்த இடத்துக்கு வந்தார்.

ஆனால் உங்கள் கேள்வியின் உயிர் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்பு வடசென்னையில் ஒரு தெரு அணிக்குப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் ஐவர் குழுவில் நானும் உட்கார்ந்திருந்தேன். மாநில அளவில் ஆடிப் பெயர் வாங்கிய ஒருவர் வரச் சம்மதித்ததும், வேறு எதையும் கேட்கத் தோன்றாமல் அங்கேயே மாலை போட்டு, பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்துப் பேச்சை முடித்துவிட்டோம். மூன்று மாதத்தில் அவர் மைதானத்துக்கு வந்தது நான்கு நாள். குற்றம் அவருடையது அன்று. வாரத்துக்கு எத்தனை நாள் வர வேண்டும், எந்த வயதுப் பையன்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் ஒரு தாளில்கூட எழுதி வைக்கவில்லை. ஆளைத் தேடும் முன்பு வேலையை வரையறுக்க வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

தேசிய அணியின் வேலை என்ன என்று பார்ப்போம். ஜமீலுக்கு முன்பிருந்த ஸ்பெயின்காரர் மனோலோ மார்க்கெஸ், 2024 ஜூலையில் பொறுப்பேற்று ஓராண்டு இருந்தார். அந்த ஓராண்டில் இந்தியா ஆடியவை எட்டே ஆட்டங்கள். கிளப் பயிற்சியாளர் தினமும் காலையில் தம் வீரர்களின் முகத்தைப் பார்க்கிறார். தேசியப் பயிற்சியாளருக்கோ ஃபிஃபா ஒதுக்கும் இடைவேளையில் சில நாள்கள் மட்டுமே வீரர்கள் கிடைக்கிறார்கள். கிளப்பில் இடது பின்கள வீரர் சரியில்லையென்றால் வேறொருவரைக் காசு கொடுத்து வாங்கலாம். நாட்டுக்கு அப்படி வாங்க முடியாது, இருப்பதை வைத்துத்தான் சமைக்க வேண்டும். எனவே விண்ணப்பத்தில் முதலில் பார்க்க வேண்டியது, வசதியில்லாத இடத்தில் அவர் என்ன செய்தார் என்பதுதான். முந்தைய பருவத்தில் கடைசி வரிசைக்குச் சரிந்து, தரம் இறக்கப்பட்டு, பிறகு மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்ட மிசோரமின் ஐசால் அணியை வைத்துக்கொண்டு, இந்திய கிளப்களுக்கான ஐ-லீக் போட்டியில் 2016-17 பட்டத்தை வென்றவர் ஜமீல். மூவரில் அவர் பெயரை நானும் டிக் செய்திருப்பேன்.

கேள்வி: ஸ்பெயினின் முன்னாள் நட்சத்திர வீரர் சாவி நம் அணிக்கு விண்ணப்பித்தாராமே? அவரையே எடுத்திருக்கலாமே!
– தண்டையார்பேட்டை கல்லூரி மாணவர்

பதில்: சாவி பெயரிலும், புகழ்பெற்ற ஸ்பெயின் பயிற்சியாளர் கார்டியோலா பெயரிலும் வந்த மின்னஞ்சல்கள் உண்மையானவை அல்ல என்று கூட்டமைப்பே பிறகு அறிவித்துவிட்டது, தம்பி. உண்மையாகவே வந்திருந்தாலும், மேலே சொன்ன எட்டு ஆட்டக் கணக்கை அவர் பார்த்திருந்தால் ஊருக்கு வண்டி ஏறியிருப்பார்.

கேள்வி: வெளிநாட்டுப் பயிற்சியாளர்களால் நமக்குப் பயனில்லை என்று என் நண்பர்கள் வாதிடுகிறார்கள். உங்கள் கருத்து என்ன?
– கொருக்குப்பேட்டை வாசகர்

பதில்: உங்கள் நண்பர்களிடம் ஒரு வலுவான சான்று இருக்கிறது. 1930 முதல் 2022 வரை உலகக் கோப்பையை வென்ற ஒவ்வோர் அணியையும் அந்தந்த நாட்டவரே நடத்தியிருக்கிறார். அதற்காக, சொந்த ஊர்க்காரர் என்றாலே வெற்றி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நல்ல பயிற்சியாளர்களைத் தொடர்ந்து உருவாக்கும் நாடுகள்தாம் கோப்பையையும் வெல்கின்றன என்பதே அதன் பொருள். உஸ்பெகிஸ்தானைப் பாருங்கள். உடல்நலக் குறைவால் ஸ்லோவேனியரான கதானெச் விலகியதும் உள்ளூர்க்காரரான தைமூர் கபாத்ஸே அணியை ஏற்று, 2025 ஜூனில் அந்நாட்டை முதன்முறையாக உலகக் கோப்பைக்கு அழைத்துச் சென்றார். அதற்குப் பிறகும் சில மாதங்களிலேயே இத்தாலியின் கன்னவாரோவைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். உள்ளூர்க்காரருக்குக் கிடைக்கும் மரியாதை எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

நம் கதையிலும், பாப் ஹூட்டன் காலத்தில் 2008 ஏஎஃப்சி சேலஞ்ச் கோப்பையை வென்று, அதன் வழியாக 2011 ஆசியக் கோப்பைக்குச் சென்றோம், அவர் இங்கிலாந்துக்காரர். பாஸ்போர்ட்டின் நிறத்தைவிட, வரும் பயிற்சியாளருக்குக் கீழே இரண்டு இந்தியத் துணைப் பயிற்சியாளர்கள் வேலை பழகினார்களா என்று கேட்பதே மேல். அதை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையாகவே எழுதலாம்.

கேள்வி: ரஹீம் சாப் காலத்தில் தங்கம் வென்றோம். அவரைப் போன்ற ஒருவர் இனிக் கிடைப்பாரா?
– பெரம்பூர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்

பதில்: ஐயா, நீங்கள் கேட்டதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சையது அப்துல் ரஹீம், 1950 முதல் 1963-இல் மறையும் வரை இந்திய அணியை நடத்தினார். 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962 ஜகார்த்தாவில் மீண்டும் தங்கம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நான் சொல்ல விரும்புவது ஜகார்த்தாவில் அவர் எடுத்த ஒரே ஒரு முடிவைப் பற்றி.

தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் தடுப்பாளர் ஜர்னைல் சிங்கின் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் அவரை வெளியே உட்கார வைத்திருப்பார்கள். ரஹீமோ அரையிறுதியில் அவரைத் தடுப்பிலிருந்து எடுத்து நடு முன்கள வீரராக நிறுத்தினார். கட்டுப் போட்ட தலையோடு ஜர்னைல் அந்த ஆட்டத்திலும் கோல் அடித்தார். தென்கொரியாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில், பி.கே. பானர்ஜி முதல் கோலைப் போட்ட மூன்று நிமிடங்கள் கழித்து ஜர்னைல் இரண்டாவது கோலை அடித்தார். 2-1 என்று வென்றோம். அன்று நம் கோல் கம்பத்தைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இதைத் துணிச்சல் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடலாகாது. பத்தாண்டுக்கு மேல் அந்த இடத்தில் இருந்தவர் என்பதால், யார் எங்கே நின்றால் என்ன ஆகும் என்று ரஹீமுக்குத் தெரிந்திருந்தது. ஓராண்டு ஒப்பந்தத்தில் வருபவர், தையல் போட்ட தடுப்பாளரை முன்னே அனுப்பத் துணிவாரா? தோற்றால் மறுநாளே பெட்டியைக் கட்ட வேண்டியிருக்குமே. எனவே ரஹீம் கிடைப்பாரா என்று கேட்பதற்கு முன், கிடைத்தால் அவரை எத்தனை காலம் விட்டு வைப்போம் என்றும் கேட்டாக வேண்டும்.

கேள்வி: ஒருவரே கிளப்பையும் நாட்டையும் ஒரே நேரத்தில் பார்க்கலாமா?
– ராயபுரம் வாசகி

பதில்: வேண்டாம், அம்மா. மார்க்கெஸ் எஃப்.சி. கோவாவையும் சேர்த்தே பார்த்துக்கொண்டார். எட்டு ஆட்டங்களில் மாலத்தீவை மட்டும் வென்றார். நான்கு சமநிலை, மூன்று தோல்வி. இரட்டைப் பொறுப்புதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மற்ற கிளப்களின் வீரர்களைச் சென்று பார்க்க வேண்டிய வார இறுதியில், அவர் தம் கிளப்பின் ஆட்டத்தில் நிற்க வேண்டியிருந்தது என்பது வெளிப்படை.

கேள்வி: சிங்கப்பூரிடமும் வங்கதேசத்திடமும் தோற்ற பிறகு புதியவரைத் தேடுவதுதானே முறை?
– திருவொற்றியூர் வாசகர்

பதில்: 2025 அக்டோபர் 14 அன்று கோவாவில் நம் வீரர் சாங்டே 14-ஆவது நிமிடத்தில் கோல் அடித்தபோது, நம் தெருமுனைத் தேநீர்க் கடையில் ஒருவர் மொத்தக் கூட்டத்துக்கும் தம் கணக்கில் டீ சொன்னார். அந்தக் கண்ணாடித் தம்ளர்கள் கழுவிக் கவிழ்க்கப்படுவதற்குள் சிங்கப்பூரின் சாங் உய் யங் இரண்டு கோல் அடித்து நம்மை 2027 ஆசியக் கோப்பையிலிருந்தே வெளியேற்றிவிட்டார். நவம்பரில் டாக்காவில் 0-1. கோபம் நியாயமானதுதான். ஆனால் அதே ஜமீல்தான், செப்டம்பரில் மத்திய ஆசியப் போட்டியில் ஓமனை டைபிரேக்கரில் வீழ்த்தி மூன்றாம் இடம் பெற்றுத் தந்தவர். அவசரமாக அனுப்புவதற்கு விலையும் உண்டு: மார்க்கெஸுக்கு முன்பு பயிற்சியாளராக இருந்து, 2026 வரை ஒப்பந்தம் வைத்திருந்த ஸ்டிமாச்சை 2024 ஜூனில் நீக்கியதற்கு 4 லட்சம் டாலர் கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பணத்தில் வடசென்னையில் எத்தனை மைதானங்களுக்கு விளக்கு போடலாம் என்று நான் கணக்குப் பார்க்கத் தொடங்கி, மனம் கேட்காமல் நிறுத்திவிட்டேன்.

கேள்வி: என் பேரன் முன்களத்தில் நன்றாக ஆடுவான். பெரிய போட்டி வந்தால் அவனுடைய மாஸ்டர் அவனைப் பின்னால் நிறுத்திவிடுகிறார். டெல்லியில் யாரைத் தேர்ந்தெடுத்தால் எங்களுக்கென்ன?
– காசிமேடு, ஒரு பாட்டி

பதில்: இந்த வாரத்தின் சிறந்த கேள்வி உங்களுடையது, அம்மா. 2024 ஜூனில் ஓய்வு பெற்ற முன்கள வீரர் சுனில் சேத்ரியை, 40 வயதில், 2025 மார்ச்சில் மீண்டும் அழைத்து வர வேண்டியிருந்தது. வந்ததும் மாலத்தீவுக்கு எதிராகத் தம் 95-ஆவது கோலை அடித்தார். அவருக்குப் பின்னால் ஆள் இல்லை. நம் நாட்டின் முதன்மை கிளப் போட்டியான ஐ.எஸ்.எல்.-இல் அணிகள் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவரைக் களத்தில் இறக்கலாம் என்ற விதி இருந்த பருவங்களில், அந்த நால்வரில் ஒருவர் பெரும்பாலும் கோல் அடிப்பவராகவே இருந்தார். இந்தியப் பையன்கள் ஓரத்துக்கோ பின்னாலோ நகர்த்தப்பட்டார்கள். உங்கள் பேரனின் மாஸ்டர் செய்வதும் அதன் சிறிய வடிவம்தான்: கோப்பை வேண்டும், அதனால் உயரமான, வயதில் மூத்த பையன் முன்னால் நிற்கட்டும் என்கிறார்.

ஓரத்தில் நின்றும் பெயர் வாங்கலாம். 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்த நந்தகுமார் சேகர், நம் சென்னைப் பையன்தான். இருந்தாலும் தேசியப் பயிற்சியாளராக யார் வந்தாலும் அவர் தேடப்போவது நடுவில் நின்று கோல் அடிக்கும் ஆளைத்தான். மாஸ்டரிடம் சண்டை வேண்டாம். அடுத்த ஞாயிறு மைதானத்துக்குப் போகும்போது, பையனை ஒரு ஆட்டம் முழுவதும் முன்களத்திலேயே விட்டுவிடும்படி மட்டும் கேளுங்கள். நடுவில் கோல் விழவில்லை என்றாலும் மாற்ற வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.